வெள்ளைக் கோடு போட்ட பிறகு

பொன்னுரங்கம். பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார். நான் பேச ஆரம்பித்தால் அங்கே இங்கே போய்விடுவேன். கடைசியில் எனக்குத் துரோகம் செய்தது யார் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். பொன்னுரங்கம். சந்தவாசலில் இறங்கிக் கொஞ்சம் மேற்கே நடந்தால் ஒரு ரைஸ் மில் வரும், அதற்குப் பின்னால் வீடு. அங்கேதான் போகிறேன். எனக்கு அவன் ஒன்று பாக்கி வைத்திருக்கிறான். வாங்கப் போகிறேன்.

பணம் இல்லை. பணமென்றால் ஒழிந்து போகட்டும் என்று எப்போதோ விட்டிருப்பேன். இது வேறு.

ஜன்னல் பக்கம் விட்டீர்கள், நல்ல மனசு. மடியில் தூக்கு இருக்கிறது, அதனால்தான். ஓரத்தில் உட்கார்ந்தால் நிற்கிறவன் முட்டி இடிக்கும், சாம்பார் கொட்டிவிடும். உள்ளே இட்லி. எனக்குத்தான். வெளியில் சாப்பிட்டால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆமாம், ஒரு ஆளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

இதோ வருகிறான் பாருங்கள் கண்டக்டர். என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியும்.

"இன்னா பெருசு, இன்னிக்கும் வசூலா?"

கேட்டீர்களா? வாராவாரம் இதே கேள்வி. கணியம்பாடியில் நான் ஏறினால் டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். பாக்கி வாங்கப் போகிறவனைப் பார்த்தால் உலகத்துக்கே சிரிப்புதான். வாங்கித் தின்றுவிட்டுக் கம்மென்று இருக்கிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

நானும் அவனும் பட்டாளத்தில் ஒன்றாக வண்டி ஓட்டினவர்கள். நான் கோதண்டன். ஆறாவது வரைக்கும் போனேன், அதற்கு மேல் என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் ஸ்டியரிங் ஏறியது. பட்டாளத்தில் பெரிய லாரி கொடுத்தார்கள். பத்து டன் சாமான் ஏற்றுகிற வண்டி. டயரே என் மார்பு உயரம் இருக்கும். அந்த வண்டியை மூன்று வருஷம் நான் ஒருத்தன்தான் ஓட்டினேன். அதன் கிளட்ச் என் காலைத் தவிர வேறு காலுக்குப் பிடி கொடுக்காது.

அந்த வருஷம் வடக்கே எல்லையில் ஏதோ தகராறு. என்ன தகராறு என்று எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது. மேலே வண்டி வேண்டும், சீக்கிரம் வேண்டும். சரி, லாரியையே விமானத்தில் ஏற்றி அனுப்பு என்று உத்தரவு வந்தது. எங்களைச் சண்டிகருக்குக் கொண்டுபோய் விமான தளத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் விட்டார்கள். வண்டிகளைத் தயார் செய்கிற வேலை.

லாரியை விமானத்தில் ஏற்றுவது என்றால் ஏதோ ஓட்டிக்கொண்டுபோய் உள்ளே நிறுத்துவது என்று நினைக்கிறீர்கள். என் பையனும் அப்படித்தான் நினைத்தான். சொல்ல ஆரம்பித்தால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். அவன் ஓசூரில் இருக்கிறான். அவன் மேலும் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை ஆரம்பித்தால் போளூர் வந்துவிடும், வேண்டாம்.

கேளுங்கள். முதலில் வண்டியைக் குளிப்பாட்ட வேண்டும். மேலே இல்லை, அடியில். படுத்துக்கொண்டு சேஸிஸில் ஒட்டியிருக்கிற சேற்றையெல்லாம் சுரண்ட வேண்டும். டயரின் பள்ளத்தில் மாட்டியிருக்கிற கல்லை ஒவ்வொன்றாக ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்க வேண்டும். ஒரு சின்னக் கல் ஓடுதளத்தில் விழுந்தால் போதும், விமானத்தின் எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும், தீர்ந்தது. பிறகு டேங்கில் இருக்கிற டீசலை அளவோடு நிறுத்தி மிச்சத்தை இறக்க வேண்டும். மேலே இருக்கிற தார்ப்பாய், இரும்பு வளையம் எல்லாம் கழற்றி அடுக்கிக் கட்ட வேண்டும். வண்டிக்குள் ஆடுகிற பொருள், உருள்கிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் எடை. முன் சக்கரத்துக்கு ஒரு தட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு தட்டு. இரண்டையும் பார்த்து, வண்டியை எந்த இடத்தில் தாங்கினால் தராசு முள் மாதிரி நேராக நிற்கும் என்று ஆபீசர் சாப் ஒருத்தர் கணக்குப் போட்டுச் சொல்வார். அந்த இடத்தில் வண்டியின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. அந்தக் கோட்டை வைத்துத்தான் விமானத்தில் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். முன்னே பின்னே போனால் விமானமே மூக்கைத் தூக்கும், வாலைத் தூக்கும்.

அதனால் ஒரு சட்டம். வெள்ளைக் கோடு போட்ட பிறகு வண்டியில் ஒரு துரும்பு ஏறக் கூடாது, ஒரு துரும்பு இறங்கக் கூடாது. வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிடுவோம். பீகார்க்காரன் ஒருத்தன் கோடு போட்ட பிறகு தன் பூட்ஸை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டான். நான்தான் எடுத்து எறிந்தேன். எறிந்துவிட்டு அவன் பரம்பரையையே திட்டினேன். அப்போது என் பக்கத்தில் நின்று சிரித்தவன் யார்? பொன்னுரங்கம்தான்.

அவன் எனக்குக் கை காட்டுகிறவன். அதையும் சொல்ல வேண்டும். விமானத்தின் வால் பக்கம் பெரிய கதவு திறந்து தரையில் சாயும். ராம்ப் என்போம். அதன் வழியாக வண்டியை ரிவர்ஸில்தான் ஏற்ற வேண்டும். அப்போதுதான் இறங்கும்போது நேராக ஓட்டிக்கொண்டு இறங்கலாம். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான் இருக்கும். டிரைவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. எதிரே வண்டிக்கு முன்னால் ஒருத்தன் நிற்பான். அவன் கையை மட்டும் பார்க்க வேண்டும். கையை அசைத்தால் வா. ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் திருப்பு. கையை மடக்கி முஷ்டியாக்கினால் நில். அப்படியே நில், மூச்சுகூட விடாதே.

எனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவன் கைதான் தெரியும். கட்டின பெண்டாட்டியைக்கூட நான் அந்த அளவு நம்பினதில்லை. இதை அவளிடமே ஒரு தடவை சொன்னேன். அதற்கு அவள் ஒரு வாரம் பேசவில்லை. இப்போது ஒரேயடியாகப் பேசாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். டிவியைப் போட்டால்தான் வீட்டில் பேச்சுச் சத்தம்.

எங்கே விட்டேன்? கை.

வண்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர் கூடவே போவான். போனவர்கள் மேலேதான். என் வண்டியோடு நான் போக வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார்கள். எனக்குத் தூக்கமே இல்லை, சந்தோஷத்தில். கணியம்பாடிப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்தில் இருப்பான், ஆனால் அந்த உயரத்துக்கு லாரியோடு பறந்து போனவன் எவன் இருக்கிறான்? ஊருக்குப் போனால் அதைச் சொல்லியே காலத்தை ஓட்டலாம்.

அப்போது எனக்கு ஒரு இருமல் இருந்தது. இருமல் எல்லோருக்கும்தான் இருக்கும். பொன்னுரங்கம் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"டேய் கோதண்டா, டாக்டர்கிட்ட காட்டுடா."

"காட்டுனா மேல அனுப்ப மாட்டான்டா."

"அதுக்குத்தான் காட்டச் சொல்றேன். எச்சில்ல ரத்தம் வருது, பார்த்தேன்."

"வெத்தலடா அது."

"சண்டிகர்ல ஏதுடா உனக்கு வெத்தல?"

எப்படிக் கிண்டினான் பாருங்கள். அடுத்தவன் எச்சிலை எட்டிப் பார்க்கிறவன் என்ன மனுஷன்? போகட்டும், இருமல் வேறு விஷயம். நான் சொல்ல வந்தது கல்.

ஆட்டுக்கல், சார். மாவு அரைக்கிற ஆட்டுக்கல். சின்னதுதான், ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கிவிடலாம். சண்டிகரில் குடும்பத்தோடு இருந்த ஒரு சேலத்துக்காரர் மாற்றலாகிப் போகும்போது, இதைப் போய் யார் சுமப்பார்கள் என்று விட்டுவிட்டுப் போனார். கொட்டகைப் பக்கம் கிடந்தது. ஒரு நாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே பொன்னுரங்கம் சொன்னான்: "மேல போயி ஒரே ஒரு இட்லி தின்னுட்டா போதும்டா, அப்புறம் செத்தாலும் பரவால்ல." அவனும் எனக்கு அடுத்த வாரம் வேறு வண்டியோடு மேலே வருவதாக இருந்தான். அந்த வார்த்தை என் மனசில் தைத்துவிட்டது. மேலே நம் பக்கத்து ஆட்கள் பதினைந்து இருபது பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். எல்லோருக்கும் டப்பாச் சோறுதான்.

எடைக்கு முன்னால் கேட்டால் கல்லை ஏற்ற விடமாட்டார்கள். அதனால் கோடு போட்ட பிறகு, காலையில் எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கயிற்றைத் தாண்டி, கல்லைப் போர்வையில் சுற்றி டூல் பாக்ஸில் வைத்துவிட்டேன். குழவியை அதன் பக்கத்தில் செருகினேன். பத்து டன் வண்டிக்கு ஒரு ஆட்டுக்கல் ஒரு பாரமா? நீங்களே சொல்லுங்கள். பூட்ஸ் வேறு, கல் வேறு. பூட்ஸ் அவனுக்காக வைத்தான். நான் அடுத்தவனுக்காக வைத்தேன்.

கண்ணமங்கலம் வந்துவிட்டதா? இங்கே கொஞ்ச நேரம் நிற்பான். பூக்காரி ஏறுவாள். எனக்குப் பழக்கம் இல்லை, ஆனால் அவளுக்கும் என் விஷயம் தெரியும். இந்தக் கண்டக்டர் எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

விமானம் வால் கதவைத் திறந்துகொண்டு நின்றது. நான் ஸ்டியரிங்கில். எதிரே பொன்னுரங்கம். லோடு மாஸ்டர் என்று விமானப்படை ஆள் ஒருத்தர், பஞ்சாபிக்காரர், ராம்ப் ஓரத்தில் நின்றார். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், எந்தச் சங்கிலியை எங்கே மாட்ட வேண்டும் என்று சொல்கிறவர். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் வேலையை அவர் செய்தார்.

பின் சக்கரம் ராம்பில் ஏறியது. பொன்னுரங்கம் கையை அசைக்கிறான், வா, வா. வண்டி சாய்ந்தது. பாதி ஏறியிருப்பேன். பின்னால் டூல் பாக்ஸில் குழவி உருண்டு தகரத்தில் இடித்தது. டொக். அவ்வளவுதான், எஞ்சின் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பொன்னுரங்கம் கையை மடக்கினான்.

நில் என்றால் நிற்க வேண்டும். நின்றேன். லோடு மாஸ்டர் "க்யா ஹுவா?", என்ன ஆச்சு என்று கேட்டார். ஸ்பானர் ஆடுகிறது என்று சொல்லியிருக்கலாம். ஜாக்கி என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு பொய் இருக்கிறது உலகத்தில்! இவன் என்னைப் பார்த்தான். கண்ணாடி வழியாக என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கோடு போட்ட பிறகு வண்டியில் ஏதோ ஏறியிருக்கிறது சாப் என்று இந்தியில் சொல்லிவிட்டான்.

அவ்வளவுதான். வண்டியை இறக்கினார்கள். டூல் பாக்ஸைத் திறந்தார்கள். போர்வையை விலக்கிவிட்டு அந்தப் பஞ்சாபிக்காரர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். இது என்ன வெடிகுண்டா என்று கேட்டார். இட்லி என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் சுபேதாருக்குப் புரிந்தது. என்னை வரிசையிலிருந்து தள்ளினார். வண்டிக்கு வேறு டிரைவர் யார் என்று கேட்டார். பொன்னுரங்கம் ஒரு அடி முன்னால் வந்து நின்றான்.

நீங்கள் இப்படித் தலையாட்டினால் எப்படி? யோசித்துப் பாருங்கள். சொன்னவனும் அவன், என் இடத்தில் ஏறினவனும் அவன்.

புறப்படுவதற்கு முன்னால் கொட்டகையில் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்டா சொன்ன?"

"சத்தம் கேட்டுது."

"ஸ்பானர்னு சொல்ல வேண்டியதுதானே?"

என் கையை எடுத்துவிட்டான். "போயிட்டு வந்து சொல்றேன்டா. மொதல்ல அந்த இருமலக் காட்டு" என்றான்.

போய்விட்டு வந்து சொல்கிறேன். இதுதான் சார் பாக்கி. அவன் வாயால் சொன்ன பாக்கி. ஏன் சொன்னான் என்று ஒரு வார்த்தை. செய்தது தப்பு என்று இன்னொரு வார்த்தை. இரண்டு வார்த்தை. அதைத்தான் இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்தக் குளிர்காலத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. எல்லோரும் மேலே போய்விட்டார்கள். கொட்டகையில் நானும் அந்த எடைத் தட்டுகளும்தான். கட்டில்களில் படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தமிழில் பேச ஆள் இல்லை. விமானம் காலியாகத் திரும்பி வரும், ராம்பைத் திறப்பார்கள், உள்ளே போய்ப் பார்ப்பேன். சங்கிலி மட்டும் கிடக்கும். அதைத் துடைத்து அடுக்குவேன். கூட்டுவதற்கு ஒன்றும் இல்லாத தரையைக் கூட்டுவேன். எனக்கு நானே பேசிக்கொள்கிற பழக்கம் அப்போது வந்ததுதான். பாதியில் மயங்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். நுரையீரலில் சீழ் என்றார்கள். மாசக் கணக்கில் ஊசி. அந்த டாக்டர், நல்ல வேளை, மேலே போயிருந்தால் பெட்டியில்தான் இறங்கியிருப்பாய் என்றார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர்களுக்கு அவர்கள் செய்த வைத்தியம் பெரிதாகத் தெரிய வேண்டும். இருமல் வேறு விஷயம் என்று சொன்னேனே.

பனி உருகிய பிறகு அவன் இறங்கி வந்தான். வலது கையில் மூன்று விரல் இல்லை. பனி கடித்து எடுத்துவிட்டார்களாம். அதே ஆஸ்பத்திரி, வேறு வார்டு. என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். நான் போகவில்லை. கூப்பிட்ட உடனே ஓடுவதற்கு நான் யார்?

அதற்குப் பிறகு அவனுக்கு ஊரில் எவ்வளவு மரியாதை தெரியுமா? ஆகஸ்டு பதினைந்து என்றால் பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற அவனைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று விரல் இல்லாத கையால் சல்யூட் அடிப்பான். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் யாருடையது? அந்த வண்டி யாருடையது? எனக்கு யாராவது கை தட்டினார்களா? என் பெண்ணின் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலே வந்தான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்று, "கோதண்டா, ஒரு நிமிஷம்" என்றான். மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அப்புறம் போன் செய்வான். எடுக்க மாட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் போன் அடிப்பான். எடுக்க மாட்டேன். அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நின்ற பிறகு எழுந்து போவேன்.

போன வருஷப் பொங்கலுக்கு அடிக்கவில்லை.

நான் ஒன்றும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் அடிக்கவில்லை. போன் கெட்டுவிட்டதோ என்று கடைக்காரனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நன்றாகத்தான் இருக்கிறது பெருசு என்றான். மாசி மாசத்தில் அவன் வீட்டுக்காரி சம்பூர்ணம் கூப்பிட்டாள். எடுத்தேன்.

"அண்ணா, அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கினுது. பேச்சு வர்ல. 'கோ... கோ...'ன்னு சொல்றாரு. கோயிலுக்கா, கோழிக் கொழம்பான்னு எல்லாம் கேட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் உங்க நெனப்பு வந்துச்சு."

அன்றைக்கே பஸ் ஏறினேன். பார்க்க இல்லை. கடன் வைத்தவன் படுத்துவிட்டான் என்று தெரிந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

போய்ப் பார்த்தால் கட்டிலில் துணி மாதிரி கிடந்தான். என்னைப் பார்த்ததும் அந்த விரல் இல்லாத கையைத் தூக்கினான். வலது பக்கம் நல்ல பக்கம், சார், இடது பக்கம்தான் போயிருந்தது. அந்தக் கையை அசைத்தான். வா, வா. ராம்பில் அசைப்பானே, அதே மாதிரி.

நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, "படுத்துக்கினா தப்பிச்சிடலாம்னு பாக்கறியாடா?" என்றேன். சம்பூர்ணம் அழுதாள். அவன் சிரித்தான். பாதி வாயால்.

அன்றைக்குத்தான் அதையும் பார்த்தேன். கை கழுவப் பின்பக்கம் போனேன். கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என் ஆட்டுக்கல்! விளிம்பில் ஒரு பக்கம் உடைந்திருக்கும், மறக்குமா எனக்கு? குழவியோடு இருக்கிறது. என் வண்டியை எடுத்தான், என் இடத்தை எடுத்தான், என் கல்லையும் எடுத்துக்கொண்டான்!

சம்பூர்ணத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்ன கதையைக் கேளுங்கள். என்னைக் கொட்டகைக்கு விரட்டின பிறகு சுபேதார் கல்லைத் தூக்கி எறியச் சொன்னாராம். இவன் கெஞ்சி, கல்லையும் சேர்த்து வண்டியை மறுபடி எடை போடச் சொல்லி, சங்கிலியால் கட்டிக்கொண்டு போனானாம். பழைய கோட்டை அழித்துவிட்டு ஒரு விரற்கடை தள்ளிப் புதுக் கோடு போட்டார்களாம். பாருங்கள், என் கல்லுக்காகக் கோடே நகர்ந்திருக்கிறது! லேசான கல் இல்லை அது.

"மேல பொங்கல் அன்னிக்கு இட்லி ஊத்தணும்னு மாவு அரைச்சாராம் அண்ணா. அந்தக் குளுர்ல மாவு எங்க புளிக்கும்? கல்லு மாதிரி ஒறஞ்சி போச்சாம். அரைச்சிக்கினு இருக்கும்போதே வண்டி வந்துதுன்னு கூப்பிட்டாங்களாம். ஈரக் கையோட ஓடிப்போய்க் கை காட்டினாராம். கையொறை போட்டுக்கல. அதுலதான் வெரல் போச்சு."

சாய்ந்து கிடந்த குழவியைக் கல்லுக்குள் நேராக நிமிர்த்தி வைத்தேன்.

ஈரக் கையோடு ஓடச் சொன்னது நானா? துடைத்துக்கொண்டு போக வேண்டியதுதானே? கல் என்னுடையது, விரல் அவனுடையது. கணக்கு வேறு வேறு. அதையும் இதையும் சேர்க்கக் கூடாது. நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியும்.

"இது கோதண்டன் கல்லு, ஒரு நாள் வந்து எடுத்துக்கினு போவான்னு யாரையும் தொட விட மாட்டாரு. எடுத்துக்கினு போங்கண்ணா" என்றாள் சம்பூர்ணம். எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். இந்த வயசில் யார் தூக்குவது? அது மட்டும் இல்லை, அது சாட்சி. சாட்சி அங்கேயே இருக்கட்டும்.

அதிலிருந்து போய்வருகிறேன். முதலில் மாசம் ஒரு தடவை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறுவதில்லை. படுத்திருக்கிறவனிடம் வசூல் செய்தேன் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. அவன் எழுந்து நடக்க வேண்டும், வாய் திருந்திப் பேச வேண்டும், அப்புறம் நேருக்கு நேர் நின்று கொடுக்க வேண்டும். அதனால் நடக்க வைக்கிறேன். நாலு கால் வைத்த கம்பி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு அவன் முற்றத்தில் வருவான். நான் அவனுக்கு எதிரே பின்பக்கமாக நடந்துகொண்டு கை காட்டுவேன். வா, வா. கொஞ்சம் இடது. அங்கே மேடு, மெதுவா. காலைப் பார்க்காதே, என் கையைப் பார். களைத்துப்போனால் கையை மடக்குவேன். நிற்பான். முகத்தைத் துடைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில் மேல் ஏறி வேடிக்கை பார்க்கிறார்கள். "தாத்தா லாரி ஓட்டுது" என்று ஒரு குட்டிப் பெண் கத்தியது. சிரித்துவிட்டான். நானும்தான். எப்போதாவது சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால் கடன் தள்ளுபடி ஆகிவிடுமா?

இரண்டு மூன்று தடவை சொல்ல வந்தான். "கோ...தண்டா... நா... அன்னிக்கு..." என்று இழுத்தான். உடனே கையை மடக்கிவிட்டேன். நில். எனக்கு அரைகுறையாக வேண்டாம். இத்தனை வருஷம் பொறுத்தவன், வார்த்தை வார்த்தையாக, முழுசாக வாங்கிக்கொள்கிறேன். அவசரம் இல்லை.

ஆனால் பாருங்கள், நேற்று சம்பூர்ணம் போன் செய்தாள்.

"அண்ணா, இப்ப நல்லாப் பேசறாரு. முழுசா, தெளிவா. 'நாளைக்குக் கோதண்டன் வந்தா ஒண்ணு சொல்லணும், அதுக்குத்தான் வாய் வந்துச்சு'ன்னு சொல்லிக்கினே கீறாரு."

சந்தோஷமான செய்திதான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காலையிலிருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. இட்லியைக்கூட இரண்டு ஈடு குழைய விட்டுவிட்டேன். இன்றைக்கு அவன் கொடுத்துவிட்டால் என்ன? கொடுத்தான், வாங்கினேன், தீர்ந்தது. அப்புறம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணியம்பாடியில் நான் பஸ் ஏறினால் இந்தக் கண்டக்டர் கேட்பானே, "இன்னா பெருசு, அதான் வசூல் ஆயிடுச்சே, எங்க போற?" என்று. அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அவனை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லப்போகிறீர்கள். மன்னிக்கிறதெல்லாம் வீட்டில் நாலு பேர் இருக்கிறவன் செய்கிற வேலை.

நான் முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கு இட்லி. அப்புறம் மில் வரைக்கும் ரோட்டில் நடை, இத்தனை நாள் முற்றத்தோடு சரி. முதலில் ரோட்டில் நன்றாக நடக்கட்டும். அவன் வாயைத் திறந்து "அன்னிக்கு" என்று ஆரம்பித்தால் கையை மடக்குவேன். நிற்பான். நிற்காமல் எங்கே போவான்? ராம்பில் அவன் கையைப் பார்த்து நான் நின்றேன் இல்லையா? என் வண்டி, மேலே பறக்கிற என் இடம், எல்லாம் போகும் என்று தெரிந்தும் நின்றேன். இப்போது அவன் என் கையைப் பார்த்து நிற்க வேண்டும். அதுதான் முறை.

சந்தவாசல் வந்துவிட்டது. யோவ் கண்டக்டர், மில் ரோடு முக்கில் நிறுத்து, போன வாரம் மாதிரி தாண்டிக் கொண்டுபோய் விடாதே, அந்தக் கணக்கும் நான் மறக்கவில்லை. கொஞ்சம் காலை ஒதுக்குங்கள் சார். நான் எழுந்து நிற்கும்வரை இந்தத் தூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாய்க்காமல், சாய்க்காமல். சூடு ஆறிவிட்டால் அவனுக்குத் தொண்டையில் இறங்காது.

பாக்கி எங்கே ஓடிவிடப்போகிறது? அடுத்த வாரம் கேட்டுக்கொள்கிறேன்.